வைட்டமின் ஈ: அழற்சியும் குருதி நாளங்களின் வளர்ச்சியும்

பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியுள்ள மருந்துக் கடைகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்பனையாகும் பொருள்களுள் 400 மில்லிகிராம் வைட்டமின் ஈ அடங்கிய மென்காப்ஸ்யூலும் ஒன்று. முகப்பொலிவுக்கும் முடி உதிர்வுக்கும் கெண்டைக்கால் பிடிப்புக்கும் அதை வாங்குவோர் உண்டு. குறிப்பாக எந்த நோயும் இல்லாமல், உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையில் தினமும் ஒன்று விழுங்குவோரும் உண்டு. அந்த நம்பிக்கையின் அடியில் இரண்டு கருத்துகள் உள்ளன: வைட்டமின் ஈ அழற்சியைத் தணிக்கும் என்பது ஒன்று, இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆய்வுக்கூட ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த ஆதாரத்தை நெருங்கிப் பார்த்தால், எந்த வகை வைட்டமின் ஈ, எவ்வளவு, எந்தத் திசுவில், நோயின் எந்தக் கட்டத்தில் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் நன்மையென்றோ தீமையென்றோ சொல்ல இயலாது என்பது விளங்கும். மின்ரயிலில் அடுத்தடுத்த நிறுத்தங்களான குரோம்பேட்டையும் தாம்பரம் சானடோரியமும் இந்தக் கேள்விகளோடு தொடர்புடைய இரு இடங்கள். முன்னது நாளங்கள் எப்படி வளர்கின்றன என்று ஆராயும் பணி நடந்த ஊர். பின்னது நாள்பட்ட அழற்சியின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்றான காசநோய்க்கு 1928 முதல் சிகிச்சை அளித்துவரும் ஊர்.

வைட்டமின் ஈ என்பது ஒரே பொருளின் பெயரன்று. 1922-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பெர்ட் எவன்ஸும் கேத்தரின் பிஷப்பும், தூய்மைப்படுத்திய உணவை மட்டும் உண்ட எலிகள் கருவைத் தாங்க முடியாமல் போவதையும், கீரை வகையையும் கோதுமை முளையையும் சேர்த்தால் அக்குறை நீங்குவதையும் கண்டறிந்தனர். 1936-இல் கோதுமை முளை எண்ணெயிலிருந்து அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் அது எட்டுச் சேர்மங்களின் குடும்பம் என்பது தெளிவாயிற்று: ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்ற நான்கு டோகோஃபெரால்களும், அதே நான்கு பெயர்களைத் தாங்கிய டோகோட்ரையீனால்களும். இரு பிரிவுக்கும் தலைப்பகுதியான வளையம் பொது. டோகோட்ரையீனாலின் வால்பகுதியில் மட்டும் மூன்று இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. இந்த எட்டில் ஆல்ஃபா டோகோஃபெராலைத்தான் கல்லீரல் விரும்பிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அங்குள்ள ஒரு கடத்துபுரதம் ஆல்ஃபாவைப் பற்றும் வலிமையை நூறு என்று கொண்டால், காமாவுக்கு ஏறத்தாழ 9, டெல்டாவுக்கு 2 என்ற அளவே கிடைக்கிறது. பற்றப்படாதவை சிதைக்கப்பட்டுச் சிறுநீர் வழியே வெளியேறுகின்றன. அந்தப் புரதத்துக்கான மரபணு பழுதுபட்டோர், உணவில் வைட்டமின் போதிய அளவு இருந்தும், நடை தடுமாறும் நரம்புநோய்க்கு ஆளாகின்றனர். ஆகவே ஒரு காப்ஸ்யூலில் இருப்பது அந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பு மட்டுமே என்பதை மறந்துவிட்டு, அதில் பெற்ற முடிவை மற்ற ஏழுக்கும் பொருத்திப் பேசும் பழக்கம் இத்துறையில் நெடுங்காலம் குழப்பத்தை வளர்த்தது.

வைட்டமின் ஈயின் முதற்பணி செல்லின் மேலுறையில் நடக்கிறது. மேலுறைக் கொழுப்பில் ஓர் எலக்ட்ரானை இழந்த தனியுறுப்பு தோன்றினால், அது பக்கத்துக் கொழுப்பு மூலக்கூறைத் தாக்கித் தன்னைப் போலவே ஆக்கிவிடுகிறது. குடிசை வரிசையில் ஒரு கூரையில் பற்றிய தீ அடுத்த கூரைக்குத் தாவுவது போல இந்த ஆக்சிஜனேற்றம் தொடர்கிறது. ஆல்ஃபா டோகோஃபெரால் தன் ஹைட்ரஜன் ஒன்றை அந்தத் தனியுறுப்புக்குக் கொடுத்துத் தொடரை அறுக்கிறது. அதனால் தானே வலுவற்ற தனியுறுப்பாக மாறி, வைட்டமின் சியிடமிருந்து எலக்ட்ரான் பெற்றுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்த ஒரு பணியை வைத்தே பல ஆண்டுகள் அதன் எல்லாப் பயன்களும் விளக்கப்பட்டன. 1991-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆஞ்செலோ அட்ஸியின் குழு, நாளச் சுவரிலுள்ள மென்தசைச் செல்களின் பெருக்கத்தை ஆல்ஃபா டோகோஃபெரால் தடுப்பதையும், செல்லுக்குள் செய்தி கடத்தும் புரத கைனேஸ் சி என்ற நொதி அப்போது மட்டுப்படுவதையும் காட்டிய பிறகுதான், அது ஆக்சிஜனேற்றத் தடுப்பானாக மட்டுமன்றிச் செய்திக் கட்டுப்பாட்டுப் பொருளாகவும் இயங்குகிறது என்ற பார்வை வேரூன்றியது.

அழற்சியைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது முகம் இன்றியமையாதது. அழற்சி என்பது காயத்துக்கோ கிருமிக்கோ உடல் காட்டும் எதிர்வினை; சிவப்பும் வீக்கமும் வெப்பமும் வலியும் அதன் வெளித்தோற்றங்கள். உள்ளே நடப்பதோ, குருதியில் ஓடும் வெள்ளணுக்கள் நாளத்தின் உட்பூச்சாக அமைந்த அகப்படலச் செல்களில் ஒட்டி, அவற்றின் இடுக்குகள் வழியே திசுவுக்குள் நுழைவது. 1996-இல் ஸ்ரீதேவி தேவராஜும் ஈஸ்வர்லால் ஜியாலாலும் அவர்களுடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், நோயற்ற 21 பேருக்கு நாளொன்றுக்கு 1,200 பன்னாட்டு அலகு ஆல்ஃபா டோகோஃபெரால் எட்டு வாரம் கொடுக்கப்பட்டது. அவர்களுடைய குருதியிலிருந்து எடுத்த மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் முன்பைவிடக் குறைவான அளவில் சூப்பர் ஆக்சைடு என்ற தனியுறுப்பையும், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 1 பீட்டாவையும் வெளியிட்டன. அகப்படலத்தில் ஒட்டுவதும் குறைந்தது. காமா டோகோஃபெரால் வேறு வழியில் வேலை செய்கிறது. பெர்க்லியில் ப்ரூஸ் ஏம்ஸின் குழு 2000-ஆம் ஆண்டில் காட்டியபடி, காமாவும் அது உடலில் சிதைந்து உண்டாகும் பொருளும், ஆஸ்பிரின் தாக்கும் அதே சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் செயலை அடக்கி, வலியும் காய்ச்சலும் உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டினைக் குறைக்கின்றன. ஆல்ஃபாவுக்கு அத்திறன் மிகக் குறைவு.

இதுவரை படித்தால் காமா மேலானது என்று தோன்றும். ஆனால் ஜோன் குக்-மில்ஸ் சிகாகோவில் நடத்திய ஆய்வுகள் அதற்கு நேர்மாறான முடிவைத் தந்தன. அகப்படலச் செல்களின் வழியே வெள்ளணுக்கள் ஊடுருவுவதை ஆல்ஃபா தடுக்கிறது. காமாவோ அதே புரத கைனேஸ் சியின் அதே இடத்தில் அமர்ந்து, அதைத் தடுப்பதற்குப் பதிலாகத் தூண்டி, நுரையீரலுக்குள் வெள்ளணு வரவைக் கூட்டுகிறது. அமெரிக்க இளையோரை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஒரு கணக்கெடுப்பின் குருதி மாதிரிகளைக் கொண்டு 2014-இல் அக்குழு வெளியிட்ட ஆய்விலும், காமாவின் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தோரின் மூச்சுத்திறன் குறைந்திருந்தது. இரு சேர்மங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வளையத்தில் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான். ஒரே பெயரில் அழைக்கப்படும் இரண்டு பொருள்கள் ஒரே நொதியின் மீது எதிரெதிராக வினைபுரிய முடியும் என்பதே இந்த ஆராய்ச்சியின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்று கருத இடமுண்டு.

சமையலறைக்கு இது தொலைவான செய்தியன்று. தென்சென்னைப் புறநகர்க் குடும்பங்களில் புழங்கும் எண்ணெய்களுள் சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் ஆல்ஃபாவைத் தருகிறது. நூறு கிராமில் ஏறத்தாழ 40 மில்லிகிராம். கடலையெண்ணெயில் ஆல்ஃபாவும் காமாவும் ஏறக்குறையச் சம அளவு. நல்லெண்ணெயில் ஆல்ஃபா மிகக் குறைவு, கிட்டத்தட்ட எல்லாமே காமா. தேங்காயெண்ணெயில் இரண்டுமே சொற்பம். 2007 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் சிறப்புத் திட்டத்தின் கீழ் வழங்கப்படும் பாமாயிலிலும், அண்மை ஆண்டுகளில் பரவிய தவிட்டெண்ணெயிலும் டோகோட்ரையீனால்கள் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளன. சுத்திகரிப்பிலும், ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதிலும் இவற்றில் ஒரு பங்கு அழிகிறது. நல்லெண்ணெயில் இன்னொரு சிறப்பும் உண்டு. எள்ளில் உள்ள செசமின் என்ற பொருள், காமாவைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுப்பதால், எள் உண்போரின் குருதியில் காமாவின் அளவு உயர்கிறது என்று 2001-இல் ஹவாயிலிருந்து வெளியான ஆய்வு காட்டியது. தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் தொடங்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் பயிற்றுவிக்கும் மரபில் தைலங்கள் பலவற்றுக்கு நல்லெண்ணெயே அடிப்படை என்பதை இங்கு நினைவுகூரலாம். அத்தைலங்களின் குணத்துக்கு காமாவே காரணம் என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவது அவசரமாகும், ஆயினும் ஆராயத்தக்க கேள்வி அது. காப்ஸ்யூலாக உட்கொள்ளப்படும் ஆல்ஃபா மிகும்போது குருதியில் காமாவின் அளவு குறைந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உணவில் கலவையாக வருவதும் மாத்திரையில் தனியாக வருவதும் உடலுக்கு ஒன்றல்ல என்பது தெளிவாகும்.

இனி நாளங்களின் வளர்ச்சி. ஏற்கெனவே உள்ள நாளத்திலிருந்து புதுக்கிளை முளைப்பது நாளமுளைப்பு எனப்படும். திசுவுக்கு ஆக்சிஜன் குறையும்போது அது விஇஜிஎஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாள வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது; அருகிலுள்ள நாளத்தின் அகப்படலச் செல்கள் அதை உணர்ந்து, சுற்றுச்சுவரைக் கரைத்து, அந்தச் சுரப்பு வந்த திசை நோக்கி நகர்ந்து, குழலாக உருக்கொள்கின்றன. அழற்சியும் இதுவும் பிரிக்க முடியாதவை: அழற்சியுற்ற திசுவின் வெள்ளணுக்கள் விஇஜிஎஃபைச் சுரந்து புது நாளங்களை வரவழைக்கின்றன, அந்த நாளங்கள் மேலும் வெள்ளணுக்களைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-இல் நிறுவிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம்; அங்குள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்தில் சுவ்ரோ சாட்டர்ஜியின் தலைமையில் இயங்கிய நாள உயிரியல் ஆய்வகம் இந்த முளைப்பை ஆராய்ந்தது. இத்தகைய ஆய்வுகளில் பெரிதும் பயன்படுவது கோழி முட்டை. கருவுற்ற முட்டையை அடைகாப்புப் பெட்டியில் சில நாள் வைத்து, ஓட்டில் சிறு சன்னல் வெட்டினால், மஞ்சள் கருவின் மேல் நூலினும் மெல்லிய சிவப்பு நாளங்கள் கிளைவிட்டுப் பரவுவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். சோதிக்க வேண்டிய பொருளில் நனைத்த சிறு வடிதாள் வட்டை அதன் மேல் வைத்து, குறித்த மணிநேரங்களுக்குப் பின் படமெடுத்து, நாளங்களின் நீளத்தையும் கிளைப்புள்ளிகளையும் கணக்கிட்டு, தொடக்கப் படத்தோடு ஒப்பிடுவார்கள். 2012-இல் இந்த ஆய்வகம் வெளியிட்ட கட்டுரை தாலிடோமைடைப் பற்றியது. 1950-களின் இறுதியில் கருவுற்ற பெண்களுக்குக் குமட்டல் மருந்தாகத் தரப்பட்டு, கைகால் வளராத குழந்தைகள் பிறக்கக் காரணமாகி, 1961-இல் விலக்கிக்கொள்ளப்பட்ட மருந்து அது. நாளமுளைப்பைத் தடுக்கும் அதன் குணமே கேட்டின் ஒரு காரணம் என்பது 1994-இல் தெரியவந்தது. கோழிக் கருவிலும் வரிமீன் கருவிலும் தாலிடோமைடோடு நைட்ரிக் ஆக்சைடு தரும் சேர்மங்களைச் சேர்த்துக் கொடுத்தபோது, நாளங்களும் உறுப்புகளும் அக்கேட்டிலிருந்து பெருமளவு தப்பின என்பதே குரோம்பேட்டை ஆய்வின் முடிவு.

நைட்ரிக் ஆக்சைடு என்ற இந்த எளிய வாயுவே வைட்டமின் ஈயை நாளங்களோடு இணைக்கும் கண்ணி. அகப்படலச் செல்கள் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு நாளத்தைத் தளர்த்துகிறது. விஇஜிஎஃப் இடும் கட்டளையைக் கடத்தவும் உதவுகிறது. சூப்பர் ஆக்சைடு மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற கடுமையான பொருளாகி, நைட்ரிக் ஆக்சைடு வீணாகிவிடுகிறது. வெள்ளணுக்கள் வெளியிடும் சூப்பர் ஆக்சைடை ஆல்ஃபா டோகோஃபெரால் குறைப்பதால் நைட்ரிக் ஆக்சைடு காக்கப்படும், நாளங்கள் நலம்பெறும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. விஇஜிஎஃப் தன் ஏற்பியில் பொருந்தியதும் செல்லே சிறிதளவு சூப்பர் ஆக்சைடையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வேண்டுமென்றே உண்டாக்குகிறது. அவை இல்லாமல் கட்டளை உள்ளே போவதில்லை என்பதை 2002-இல் மசூகோ உஷியோ-ஃபூக்காயின் ஆய்வு நிறுவியது. அதே சேர்மங்கள் ஓரிடத்தில் கேடாகவும் இன்னோரிடத்தில் செய்தியாகவும் இருப்பதால், அவற்றைத் துடைத்தெடுக்கும் பொருள் நாள வளர்ச்சிக்குத் துணையாகவும் இருக்கலாம், தடையாகவும் இருக்கலாம். டோகோட்ரையீனால்கள் தெளிவாகத் தடையின் பக்கம் நிற்கின்றன: ஜப்பானின் செண்டாய் நகரில் தெருவோ மியாசாவாவின் குழு 2003 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், அகப்படலச் செல்களின் பெருக்கத்தையும் குழல் உருவாக்கத்தையும் அவை, குறிப்பாக டெல்டா வகை, அடக்கின, டோகோஃபெராலுக்கு அந்த விளைவு இல்லை. புற்றுக்கட்டி தனக்கென நாளங்களை வரவழைத்துக்கொள்வதால் இது நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் கல்லீரல் அவற்றைப் பிடித்து வைப்பதில்லை என்பதால், செல்வளர்ப்புத் தட்டில் தேவைப்பட்ட அளவை உணவு வழியாகக் குருதியில் எட்டுவது கடினம்.

மனிதரிடம் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது குறைமாதக் குழந்தைகளிடத்தில். முழு மாதம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் நாளங்கள் ஓரம்வரை சென்று சேர்ந்திருப்பதில்லை. ஆக்சிஜன் மிகுதியாகத் தரப்படும்போது விஇஜிஎஃப் ஒடுங்கி நாளங்கள் நின்றுவிடுகின்றன. சில வாரங்களில் பட்டினி கிடக்கும் விழித்திரை அளவுமீறி விஇஜிஎஃபைச் சுரக்க, தாறுமாறாக முளைக்கும் நாளங்கள் விழித்திரையை இழுத்துப் பிரித்துக் குருடாக்குகின்றன. 1942-இல் பாஸ்டனில் தியடோர் டெரி விவரித்த இந்நோய்க்கு, 1949-லேயே பால்டிமோரில் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்க்கப்பட்டது. அதன்பின் நடந்த சோதனைகளை எல்லாம் 2003-இல் தொகுத்தாய்ந்த காக்ரேன் அறிக்கை, மிகக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளில் கடும் விழித்திரை நோயையும் குருட்டையும் வைட்டமின் ஈ குறைத்தது என்றும், அதே நேரத்தில் குருதியில் கிருமி பரவும் நோய்த்தொற்றைக் கூட்டியது என்றும் கூறிற்று. கிருமியைக் கொல்ல வெள்ளணு பயன்படுத்தும் ஆயுதமே சூப்பர் ஆக்சைடு என்பதால், அழற்சியைத் தணித்ததன் விலையே அந்தத் தொற்று என்று எண்ணத் தோன்றுகிறது. 1983-84-இல் அமெரிக்காவில் சிரை வழியே ஏற்றப்பட்ட ஒரு வைட்டமின் ஈ கரைசல் 38 சிசுக்களின் இறப்போடு தொடர்புபடுத்தப்பட்டு விலக்கிக்கொள்ளப்பட்டது; அதில் கரைப்பானாகச் சேர்த்த பாலிசார்பேட் காரணமாக இருக்கலாம் என்றாலும், வைட்டமின்தானே என்ற அலட்சியம் எவ்வளவு கொடிய விளைவைத் தர முடியும் என்பதற்கு அது சான்று.

கண்ணுக்குத் தெரிந்த இந்த முரண் நுரையீரலிலும் தொடர்கிறது. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் காசநோயகம் தொடங்கியபோது காசநோய்க்கு மருந்து இல்லை. வெளிக்காற்றும் ஓய்வும் உணவுமே சிகிச்சை. 1937-இல் அரசு அதை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய்க் கிருமியைச் சூழ்ந்து வெள்ளணுக்கள் கட்டும் முடிச்சுக்குள் அழற்சியும் நாளமுளைப்பும் ஒன்றாகவே நடக்கின்றன. அங்கு முளைக்கும் நாளங்கள் கோணலும் கசிவுமாக இருப்பதால் மருந்தும் ஆக்சிஜனும் உள்ளே சரியாகச் சேர்வதில்லை. 2015-இல் ராகேஷ் ஜெயினின் குழு, காசநோயுற்ற முயல்களுக்கு விஇஜிஎஃபை மட்டுப்படுத்தும் பெவசிசுமாப் மருந்தைக் கொடுத்து, அந்த நாளங்கள் சீரடைவதையும் சிறு மூலக்கூறுகள் முடிச்சுக்குள் நன்றாகச் சென்று சேர்வதையும் காட்டியது. அப்படியானால் வைட்டமின் ஈ காசநோய்க்கு எதிராக உதவுமா? பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த பெரும் சோதனையின் தரவுகளை 2008-இல் ஹாரி ஹெமிலாவும் யாக்கோ காப்ரியோவும் மறுபடி ஆராய்ந்தனர். தினம் 50 மில்லிகிராம் ஆல்ஃபா டோகோஃபெரால், மொத்தத்தில் பார்த்தால், காசநோய் வருவதைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆனால் உணவில் நாளொன்றுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி பெற்றோரிடம் அது காசநோய் வாய்ப்பை 72 விழுக்காடு உயர்த்தியது. அந்த உயர்வும் மிகுதியாகப் புகைபிடித்தோரிடம் மட்டுமே தென்பட்டது. உட்பிரிவுகளில் கிடைக்கும் இத்தகைய கணக்கை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் காசநோய் பரவலாக உள்ள நாட்டில், புகைபிடிக்கும் ஒருவர் தம் நுரையீரலைக் காக்கும் என்று நம்பி இந்த மாத்திரையை நாள்தோறும் உட்கொள்வதற்கு ஆதாரம் இல்லை என்பதை அது வலுவாகவே சொல்கிறது.

பெரிய சோதனைகளின் மொத்தக் கணக்கும் ஊக்கம் தருவதன்று. 9,541 இதயநோயாளிகளுக்கும் இடர் மிகுந்தோருக்கும் நாலரை ஆண்டு தினம் 400 அலகு கொடுத்த ஹோப் சோதனை, 2000-இல் எந்தப் பயனையும் காணவில்லை. 35,533 ஆண்களிடம் நடந்த செலக்ட் சோதனையில் புராஸ்டேட் புற்று 17 விழுக்காடு கூடியது. 2010-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி அடைப்பினால் வரும் பக்கவாதம் 10 விழுக்காடு குறைய, மூளையில் குருதி கசிந்து வரும் பக்கவாதம் 22 விழுக்காடு கூடியது. ஆகவே குருதி உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது. விதிவிலக்காக, நீரிழிவு இல்லாத, மதுவினால் அல்லாத கல்லீரல் கொழுப்பழற்சியுற்ற நோயாளிகளில், 96 வாரம் தினம் 800 அலகு பெற்றோருள் 43 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை பெற்றோருள் 19 விழுக்காட்டினருக்கும் திசுநிலை மேம்பட்டதாக 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. உறுப்பு, நோய், அளவு மூன்றும் பொருந்தும் இடத்தில் அழற்சி தணிகிறது.

சென்னைக்கு மிக அணுக்கமான கேள்வி நீரிழிவு சார்ந்தது. ஒரே நோயாளியின் உடலில் நாளங்கள் விழித்திரையில் வேண்டாத இடத்தில் முளைக்கின்றன, பாதப் புண்ணில் வேண்டிய இடத்தில் முளைக்க மறுக்கின்றன. சென்னை நகரில் நடந்த க்யூர்ஸ் கண் ஆய்வு, நீரிழிவுள்ளோரில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிப்பு இருப்பதாக 2005-இல் தெரிவித்தது. இவர்களுக்கு ஒரு மாத்திரையால் முழு உடலிலும் நாளமுளைப்பைக் கூட்டுவதோ குறைப்பதோ எந்தப் பக்கம் போனாலும் ஒரு கேட்டில் முடியும். 1999-இல் பாஸ்டனின் ஜாஸ்லின் மையம், முதல்வகை நீரிழிவுள்ள 36 பேருக்கு தினம் 1,800 அலகு கொடுத்து விழித்திரைக் குருதியோட்டம் இயல்புக்கு வந்ததைக் கண்டது. புரத கைனேஸ் சி அடங்கியதே காரணம் எனக் கருதப்பட்டது. ஆனால் ஹோப் சோதனையிலிருந்த நீரிழிவு நோயாளிகளிடம் 400 அலகு சிறுநாளக் கேடுகளைத் தடுக்கவில்லை.

இந்த ஏமாற்றத்துக்குள் ஒரு வழி திறந்திருக்கிறது. சிதைந்த சிவப்பணுவிலிருந்து வெளியாகும் ஹீமோகுளோபினைப் பிடித்து அதன் இரும்பு தனியுறுப்புகளை உண்டாக்காமல் தடுக்கும் புரதம் ஹாப்டோகுளோபின். அழற்சியின்போது கல்லீரல் அதை மிகுதியாகச் சுரக்கிறது. நாள அழற்சி நோயாளிகளின் குருதியில் நாளமுளைப்பைத் தூண்டும் காரணிகளுள் ஒன்று இதே புரதம் என்பதை 1993-இல் மரியா சிட்டின் குழு கண்டது. இப்புரதத்துக்கு 1, 2 என இரு மரபணு வடிவங்கள் உண்டு. இரு பெற்றோரிடமிருந்தும் 2 வடிவத்தைப் பெற்றோரின் புரதம் இரும்பைக் கட்டுப்படுத்துவதில் வலுக்குறைந்தது. அத்தகைய 1,434 நீரிழிவு நோயாளிகளிடம் இஸ்ரேலில் நடந்து 2008-இல் வெளியான சோதனையில், தினம் 400 அலகு வைட்டமின் ஈ பெற்றோருள் 2.2 விழுக்காட்டினருக்கும், பெறாதோருள் 4.7 விழுக்காட்டினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தது. உலகிலேயே 2 வடிவம் மிகப் பரவலாக உள்ள நிலப்பகுதிகளுள் இந்தியத் துணைக்கண்டம் ஒன்று. எளிய குருதிச் சோதனையால் இந்த வகையை அறியலாம் என்பதால், குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ நீரிழிவுக்கு மருந்து வாங்கும் ஒருவருக்கு அந்தக் காப்ஸ்யூல் தேவையா என்பதை அவருடைய ஹாப்டோகுளோபின் வகையை அறிந்து, விழித்திரையைப் பரிசோதித்து, அவர் உட்கொள்ளும் மற்ற மருந்துகளையும் பார்த்த பிறகு முடிவு செய்வதற்கான ஆய்வைத் தமிழ்நாட்டு நோயாளிகளிடமே நடத்துவது இயலக்கூடிய காரியம்.